சூட்டுக்களத்தில் சுழன்ற ஸ்டியரிங்

பெரும்போக வெள்ளாமை அறுத்து முடிந்து, பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் திருகோணமலை மாவட்டத்து வயல்வெளிகளில் இரவு முழுக்க ஒரு வெளிச்சம் வட்டமடித்துக்கொண்டிருந்த காலம் இருந்தது. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வடக்கே நிலாவெளிப் பெரியகுளத்தடி வயல்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் சூடடித்தார்கள். சூடாகக் குவித்து வைத்த கதிர்க்கட்டுகளைப் பிரித்துக் களத்தில் வட்டமாகப் பரப்புவார்கள். அதன்மேல் உழவு மெசின் ஏறிச் சுற்றும். ஆட்கள் கவைக்கம்பால் வைக்கோலைக் கிளறிப் புரட்ட, மெசின் மறுபடியும் சுற்றும். மணி உதிர்ந்து அடியில் தங்கும். சோடி சோடியாக மாடுகளைப் பிணைத்து மிதிக்க விட்டு விடிய விடியச் செய்த வேலையை டயர் சில மணித்தியாலத்தில் முடித்துக்கொடுத்தது.

அந்தச் சுற்றலின் பாரம் முழுவதும் இறங்கியது சாரதியின் தோள்களில். களம் சிறியது, வட்டம் இறுக்கமானது. தளர்ந்த வைக்கோலில் முன்சில்லு புதையும். ஓடும் வண்டியின் முன்சில்லு தானாக நேராகப் பார்க்கும். அதை ஒரே பக்கமாக ஒடித்து, பிடியை விடாமல் மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் என்ற பேச்சே அந்த மெசின்களில் இல்லை. ஒரு சூடு முடித்து இறங்கும் சாரதி தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்துவான்.

இலங்கையின் உலர்வலயத்தில் உழவு இயந்திரம் பரவிய கதையை எழுதியவர்கள் இறக்குமதியையும் கடன் திட்டத்தையும் குடியேற்றத் திட்டத்தையும் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். திசைதிருப்பும் அந்த இரும்பு வளையத்தையும், அது இறுகியபோது கழற்றிப் பார்த்த கராச்சுக்காரர்களையும் பற்றிச் சொன்னது குறைவு. கிழக்கின் வயல்களில் இயந்திரத்தை நிலைக்க வைத்தவர்கள் அவர்கள்தான். வாங்குவது ஒரு நாள் வேலை. முப்பது வருடம் ஓட வைப்பது வேறு வேலை.

இயந்திரத்துக்கு முன் இந்த மாவட்டத்தின் சேற்றை ஆண்டது எருமை. குளத்து வாய்க்காலைத் திறந்து வயலில் தண்ணீர் கட்டி, எருமைக் கூட்டத்தை உள்ளே இறக்கி அங்குமிங்கும் ஓட்டி மிதிக்க வைப்பார்கள். மண் குழம்பிச் சேறாகும், புல் அடியில் அமுங்கும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாமப் பற்றில் இது பெரிய அளவில் நடந்தது. கிண்ணியாத் தயிருக்கு இன்றும் பெயர் இருக்கிறதென்றால் அந்தப் பட்டிகளின் வழிவந்த பெயர்தான் அது. எருமைக்கு ஸ்டியரிங் தேவையில்லை. ஒரு அதட்டலும் ஒரு கம்பும் போதும்.

பின்னர் வந்தது ஃபேர்குசன். வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி ஃபேர்குசனின் டி.இ. 20 என்ற சாம்பல் நிற மெசின் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுக்காமல், பின்னால் மூன்று புள்ளிகளில் பூட்டி ஹைட்ரோலிக்கால் தூக்கி இறக்கும் முறையை உலகெங்கும் பரப்பியது அதுதான். 1953இல் கனடாவின் மாசி ஹரிஸ் கம்பனியுடன் ஃபேர்குசன் இணைந்தார். சில ஆண்டுகளில் கம்பனியின் பெயர் மாசி ஃபேர்குசன் என்று சுருங்கியது, நிறம் சிவப்பானது. அடுத்து வந்தது 35. அதன் பின் 1964இன் கடைசியில் 135. மூன்று சிலிண்டர், 152 கன அங்குல பேர்கின்ஸ் டீசல் எஞ்சின். இலங்கையில் விற்றது பிரவுண் கம்பனி. 1875இல் ஹட்டனில், தேயிலைத் தோட்டங்களுக்கான பொறியியல் வேலைகளோடு தொடங்கிய நிறுவனம் அது. மலையில் பிறந்த கம்பனியின் சிவப்பு மெசின் சமவெளிச் சேற்றில் பெயர் வாங்கியது. விவசாயிகளின் வாயில் அது வெறும் ‘மாசி’.

மூன்று புள்ளிப் பூட்டில் ஒரு விளைவு உண்டு. பின்னால் கலப்பை மண்ணைப் பிடித்து இழுக்கும்போது பாரம் பின்சில்லுக்கு மாறுகிறது, முன்பக்கம் இலேசாகிறது. நல்ல காய்ந்த நிலத்தில் ஸ்டியரிங் இலகுவாகச் சுற்ற இதுவும் ஒரு காரணம். ஆனால் சேற்றில் அதே இலேசு தொல்லையாகிறது. சில்லை முழுக்க ஒடித்தாலும் மெசின் நேராக வழுக்கிக்கொண்டு போகும். அதற்காகத்தான் வலது பின்சில்லுக்கு ஒரு பிரேக், இடது பின்சில்லுக்கு ஒரு பிரேக் என்று இரண்டு மிதிகளைத் தனித்தனியே வைத்தார்கள். வரம்போரம் வந்ததும் திரும்ப வேண்டிய பக்கத்து மிதியை அழுத்தினால் அந்தச் சில்லு நிற்கும், மற்றது சுற்றி வரும். ஆகவே வயலில் திசை திருப்பியதில் பாதி வேலை காலுடையது. இரும்புச் சில்லு பூட்டிச் சேறடிப்பவனுக்கு இது கைவந்த கலை. றோட்டுக்கு ஏறும்போது இரண்டு மிதிகளையும் இணைக்கும் கொளுவியை மாட்ட மறந்தால் மட்டும் அந்தக் கலை ஆளைக் கவிழ்க்கும். பின்னால் பூட்டிய பெட்டி நிறைய நெல்லோடு வேகமாக வரும் மெசினில் ஒற்றைச் சில்லுக்கு மட்டும் பிரேக் பிடித்தால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதே காலத்தில் ஸ்டியரிங்கே இல்லாத இன்னொரு மெசினும் கிளம்பியது. ரே விஜேவர்தன (1924–2010) என்ற இலங்கைப் பொறியியலாளர் 1950களில் வடிவமைத்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை ஓர் ஆங்கிலேயக் கம்பனி ‘லேண்ட்மாஸ்டர்’ என்ற பெயரில் பல நாடுகளில் விற்றது. பின்னால் நடந்துகொண்டு இரண்டு பிடிகளால் ஓட்ட வேண்டும். சிறிய வயலுக்கும் சிறிய முதலுக்கும் பொருந்தியது. பின்னர் ஜப்பானிலிருந்து குபோட்டா வந்தது, சீனாவிலிருந்து வேறு பல வந்தன. ஆனாலும் வடக்கு கிழக்கில் இரண்டு சில்லு மெசின் எதுவானாலும் அதன் பெயர் இன்றும் லேண்ட்மாஸ்டர்தான். விஜேவர்தனவின் பிற்காலம் கவனிக்க வேண்டியது. மெசின் வெப்பநாட்டு மண்ணை மேம்படுத்தவில்லை, எருமையின் வேலையை மட்டும் வேகமாக்கியது என்ற முடிவுக்கு அவர் வந்தார். நைஜீரியாவின் இபாதான் ஆராய்ச்சி நிலையத்தில் உழாமல் பயிரிடும் முறைகளில் உழைத்தார். திரும்பி வந்து சீமைக்கிளுவை போன்ற மரங்களைச் சேர்த்து வளர்க்கும் விவசாயத்துக்காகப் பேசினார். தன் கண்டுபிடிப்பையே மறுபரிசீலனை செய்யும் துணிவு எல்லாப் பொறியியலாளருக்கும் வாய்ப்பதில்லை.

பவர் ஸ்டியரிங்கின் பிறப்பு வயலில் அல்ல. பியர்ஸ் ஏரோ என்ற அமெரிக்க வாகனக் கம்பனியில் பாரவண்டிகளைக் கவனித்துவந்த பிரான்சிஸ் டேவிஸ், கனத்த வண்டிகளின் சாரதிகள் படும் பாட்டைப் பார்த்து, எண்ணெய் அழுத்தத்தால் சில்லைத் திருப்பும் முறையை 1926இல் ஒரு காரில் பூட்டி ஓட்டிக்காட்டினார். பொருளாதார மந்தம் வந்து கார்க்கம்பனிகள் பின்வாங்கின. இரண்டாம் உலகப் போரில் கவச வாகனங்கள் கைவலிமைக்கு அடங்காமல் போனபோதுதான் அந்த முறைக்கு வாழ்வு வந்தது. 1951இல் கிறைஸ்லர் அதைக் காரில் விற்பனைக்கு விட்டது. அமெரிக்காவின் பெரிய உழவு இயந்திரங்களுக்கு 1950களிலேயே போனது. மாசி 135இல் மேலதிகப் பணம் கொடுத்தால் கிடைக்கும் வசதியாக இருந்தது. இலங்கைக்கு வந்த பழைய மெசின்களில் பெரும்பாலானவை அந்த மேலதிகம் இல்லாதவை. வாங்குபவன் கலப்பைக்கும் பெட்டிக்கும்தான் காசு தேடினான், சாரதியின் தோளுக்கு அல்ல.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு. புது மெசின் அரிது, உதிரிப்பாகம் அதைவிட அரிது. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டுவது அப்போதுதான் முழுத் தொழிலாக மாறியது. 1977க்குப் பின் சந்தை திறந்தது. அந்த நேரத்தில் கைகொடுத்தது பாக்கு நீரிணைக்கு அப்பால் இருந்த சென்னை. 1960இல் தொடங்கிய டாஃபே கம்பனி செம்பியத்தில் மாசி மெசின்களைச் செய்துகொண்டிருந்தது. அதே அமல்கமேஷன்ஸ் குழுமத்தின் சிம்சன் கம்பனி பேர்கின்ஸ் வழிவந்த எஞ்சின்களை வார்த்தது. டாஃபே 1035க்கு வரும் பல பாகங்கள் பழைய கொவென்ட்ரி மாசிக்கும் பொருந்தின. லாகூரில் 1964இல் தொடங்கிய மில்லட் கம்பனியும் மாசியைத்தான் செய்தது. இங்கிலாந்துத் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்ட பிறகும் கிழக்கு மாகாணத்து மாசிகள் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

பவர் ஸ்டியரிங் உள்ள மெசின்கள் இந்தச் சந்தையோடுதான் மெல்ல மெல்ல வந்தன. பல, வேறு கையில் உழைத்து ஓய்ந்த பிறகு வந்தவை. அவற்றோடு புது நோயும் வந்தது. கைவலிமை ஸ்டியரிங் இறுகினால் கிறீஸ் அடிப்பார்கள், கிங்பின்னையும் புஷ்ஷையும் மாற்றுவார்கள், முடிந்தது. பவர் ஸ்டியரிங் சோர்ந்தால் குற்றவாளி பம்ப்பாக இருக்கலாம், வால்வாக இருக்கலாம், சிலிண்டராக இருக்கலாம். பல நேரம் இவற்றில் எதுவுமே இல்லை. பழைய கராச்சுக்காரரின் விசாரணை பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அண்ணன், ஸ்டியரிங் பாரமாக் கிடக்கு.”

“ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா?”

“ரெண்டும்தான்.”

“காலையில ஸ்டார்ட் பண்ணினவுடனயா? இல்ல சூடேறினாப் பிறகா?”

இந்த இரண்டு கேள்வியிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் பாரமென்றால் சிலிண்டரின் சீலையோ வால்வையோ சந்தேகிக்க வேண்டும். பம்ப் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒயிலைத்தான் தருகிறது. காலையில் நன்றாக இருந்து மதியம் சோர்ந்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது. ஒயில் சூட்டில் மெலிந்து, தேய்ந்த பற்களின் இடைவெளி வழியே பின்னோக்கி ஒழுகிவிடுகிறது. மெதுவாக ஓடும்போது பாரம், எஞ்சினை முடுக்கினால் சரியென்றாலும் அதே பம்ப்தான். பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் முதலில் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஜாக். முன் அச்சைத் தூக்கி இரண்டு சில்லும் நிலத்தில் படாமல் வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைச் சுற்றுவது. ஸ்டியரிங் பெட்டியும் தண்டும் இருக்க, அவற்றுக்கு ஒயில் அழுத்தம் துணைபோகும் வகை மெசின்களுக்கு இது பிழைக்காத சோதனை. பாரமே இல்லாதபோதும் இறுக்கமாகச் சுற்றினால் ஹைட்ரோலிக்கைக் குறை சொல்லக் கூடாது. கிங்பின் துருப்பிடித்திருக்கும், அல்லது ஸ்டியரிங் பெட்டிக்குள் பெயாரிங் போயிருக்கும். எத்தனையோ நல்ல பம்ப்புகள் கிங்பின் செய்த குற்றத்துக்காகக் கழற்றப்பட்டிருக்கின்றன. பிந்திய மாடல்களில் தண்டே கிடையாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் லின் சார்ல்சன் உருவாக்கிய சுழல் மோட்டார் தத்துவத்தில் பிறந்த ‘ஓர்பிட்ரோல்’ அலகு, குழாய் ஒயிலால் மட்டுமே சில்லைத் திருப்புகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது அது எப்படியும் பாரமாகத்தான் இருக்கும். பழைய சோதனையை அதற்குப் பிரயோகித்தால் தவறான முடிவுக்கு வருவோம்.

பிறகு ஒயில் மூடியைத் திறப்பார். நுரை கட்டியிருந்தால் காற்று உள்ளே போகிறது. அது பம்ப்புக்கு உறிஞ்சிச் செல்லும் குழாய்ப் பக்கம்தான் நடக்கும். அங்கே அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான். ஆகவே ஒயில் சொட்டாது, காற்றுதான் புகும். வெளியே ஈரமே இல்லாத பொருத்து ஒன்றுதான் குற்றவாளியாக இருக்கும் என்பது புதியவர்களைக் குழப்பும் இடம். கையில் கிறீஸை எடுத்து ஒவ்வொரு பொருத்தையும் சுற்றிப் பூசிக்கொண்டே வருவார்கள். எந்தப் பொருத்தில் பூசியதும் பம்ப்பின் முனகல் அடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. ஒயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நெல்வயலில் உழைக்கும் மெசினில் அது அதிசயமல்ல. வடிகட்டியில் வைக்கோல் தூசு அடைத்திருப்பதும் அப்படியே. எந்த ஒயில் விடுவது என்பதை மெசினின் புத்தகம்தான் சொல்ல வேண்டும். கையில் கிடைத்த எஞ்சின் ஒயிலை ஊற்றிச் சமாளித்த காலம் சீல்களுக்கு நல்லது செய்யவில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் வால்வு. அழுத்தம் அளவு மீறினால் ஒயிலைத் திருப்பி விடும் பாதுகாப்பு வால்வு அது. மணல் துகள் ஒன்று சிக்கித் திறந்தபடியே நின்றால் அழுத்தம் ஏறாது. கழற்றிக் கழுவித் துடைத்துப் பூட்டினால் சில நேரம் இறந்துபோன ஸ்டியரிங் உயிர்த்துவிடும். அழுத்தமானி வைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. ஆனால் ஊர்க் கராச்சுகள் பலவற்றில் அதற்கு மானியும் இல்லை, பொருத்தும் இல்லை. காதும் கையும்தான் மானி.

சூட்டுக்களத்துக்கு இங்கே மறுபடி வர வேண்டும். ஸ்டியரிங்கை எல்லை வரை ஒடித்து இடித்தபடி வைத்திருந்தால் அந்த வால்வு திறந்தே இருக்கும். பம்ப் தள்ளும் ஒயில் முழுவதும் வால்வின் நெருக்கத்தில் சீறிச் சுற்றிக்கொண்டு கொதிக்கும். பவர் ஸ்டியரிங் மெசினைச் சூடடிக்கக் கொண்டுவந்து, கைக்குச் சுகமாக இருக்கிறதென்று முழுக்க ஒடித்து வைத்தவர்களின் பம்ப்புகள் விரைவில் சோர்ந்தன. எல்லையைத் தொடாமல் சிறிது திருப்பி விட்டு, வட்டத்தை அரை அடி பெரிதாக்கினால் போதும். நல்ல சாரதிகள் அந்தச் சீறலைக் கேட்டதும் கையை இளக்கிவிடுவார்கள்.

நிலாவெளியின் மெசினுக்கு வயலோடு வேலை முடிவதில்லை. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடற்கரை. உப்பு மூட்டை ஏற்றுவது, விறகு, மணல், வீடு கட்டக் கல் ஏற்றுவது எல்லாம் அந்தப் பெட்டியில்தான். கரைவலையைக் கைகளால் வளைக்காமல் மெசினில் விஞ்ச் பூட்டி இழுக்கும் பழக்கமும் கிழக்குக் கரையில் பரவி, சிறு மீனும் தப்பாமல் போகிறதென்று அதற்கு எதிர்ப்பும் தடையும் வந்தன. கடற்காற்று வாங்கும் மெசினில் பந்து மூட்டின் ரப்பர் உறை கிழிந்த நாளிலிருந்து உள்ளே துரு வேலை செய்யத் தொடங்கும். சிலிண்டர் தண்டின் பளபளப்பில் உப்பு புள்ளி புள்ளியாக அரித்தால், தண்டு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளிகள் சீலை அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்க்கும். சீல் மட்டும் மாற்றினால் ஒரு போகம்கூடத் தாங்காமல் ஒழுகுவதன் காரணம் அதுதான். தண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

போர்க்காலத்தில் அந்தப் பெட்டிகள் மனிதரை ஏற்றின. 1980களின் நடுப்பகுதியிலிருந்து இந்தக் கரையோரக் கிராமங்கள் மாறி மாறி இடம்பெயர்ந்தன. 1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டபின் வடக்கிலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த ஏனைய பகுதிகளிலும் எரிபொருளுக்கும் பற்றரிக்கும் உதிரிப்பாகத்துக்கும் தடை வந்தது. 2002 போர்நிறுத்தத்தோடு அது தளரும்வரை, ஒரு சீல் வேண்டுமென்றால் வேறு வண்டியின் சீலைச் செதுக்கிப் பூட்ட வேண்டியிருந்தது. கடைசலில் புஷ் கடைவது, உடைந்த குழாயை வெட்டி ஒட்டுவது, இரண்டு செத்த பம்ப்பிலிருந்து ஒரு உயிருள்ள பம்ப் செய்வது எல்லாவற்றிலும் அந்த வருடங்களில் கைகள் கூர்மையடைந்தன. திறமை என்று அதைப் புகழும்போதே, எவ்வளவு பெரிய இழப்பின் நடுவே அது வளர்ந்தது என்பதையும் நினைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி நிலாவெளியைப் புரட்டிப்போட்டபோது கடல் நீரிலும் மணலிலும் மூழ்கிய இயந்திரங்களைக் கழுவி எடுத்ததும் அதே கைகள்தான்.

இப்போது சூட்டுக்களம் இல்லை. 2000களில் பரவத் தொடங்கிய கூட்டு அறுவடை இயந்திரங்கள் வெட்டையும் அடியையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கின்றன. புதிதாக வரும் இந்திய மெசின்களில் பவர் ஸ்டியரிங் சாதாரணம். ஆனால் பழைய மாசி ஒதுங்கவில்லை. 2022இல் ரூபாய் சரிந்து, டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது புது மெசின் பலருக்கும் எட்டாக்கனியானது. டீசலுக்கு வரிசையில் நின்றவற்றில் ஐம்பது வயதான மெசின்களும் இருந்தன.

அந்தப் பழைய மாசிகளுக்கென்றே ஓர்பிட்ரோலும் சிலிண்டரும் சேர்ந்த பவர் ஸ்டியரிங் தொகுதிகள் இப்போது சந்தையில் கிடைக்கின்றன. வாங்கிப் பூட்டுபவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: தேய்ந்த கிங்பின்னையும் ஆடும் பந்து மூட்டையும் அப்படியே விட்டுவிட்டு மேலே சிலிண்டரை ஏற்றுகிறார்கள். கையால் திருப்பியபோது இறுக்கத்தைச் சாரதி உணர்ந்து மெதுவாகத் திருப்பினான். சிலிண்டருக்கு அந்த உணர்வு கிடையாது. எதிர்ப்பு எவ்வளவு இருந்தாலும் தள்ளும். விளைவாக முன் அச்சில் சிலிண்டரைத் தாங்கும் தகடு விரியும், அல்லது பற்றவைத்த இடம் பிளக்கும். ஆகவே தெரிந்தவர்கள் தொகுதியின் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் முன் அச்சைத் தூக்கி, இரண்டு சில்லையும் கையால் ஆட்டிப் பார்த்து, கிங்பின், புஷ், பந்து மூட்டு எல்லாவற்றையும் புதிதாக்கி, கிறீஸ் நிறைய அடித்து, சில்லு ஒரு விரல் தள்ளலுக்குத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே குழாயைப் பூட்டுகிறார்கள்.